ஓரத்துக்கு அள்ளித் தரும் ஆன்டெனா

2020இல் கென்யாவில் லூன் என்ற நிறுவனத்தின் பலூன்கள் சுமார் 20 கி.மீ. உயரத்திலிருந்து 4ஜி தந்தன. அவ்வளவு உயரத்துக்கு ஆன்டெனா தேர்ந்தெடுப்பதே தனிக் கலை. நேர் கீழே இருப்பவருக்குத் தூரம் 20 கி.மீ.; 60 கி.மீ. தள்ளி இருப்பவருக்குச் சாய்வாக 63 கி.மீ. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வீசினால், ஓரத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது நேர் கீழே இருப்பவருக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் நல்ல ஆன்டெனா நடுவில் கையை இறுக்கி, விளிம்புக்கு அள்ளித் தரும், கடைசி இலையை மறக்காத பந்தி பரிமாறுபவரைப் போல. என்ன அழகான கணக்கு!

பலூன் காற்றில் திரும்பினால் தரையில் விழும் கதிர்களும் கூடவே சுற்றும். அசையாமல் நின்று பேசுபவரின் அழைப்புகூட ஒரு கதிரிலிருந்து அடுத்ததற்குத் தாவ நேரும். பல சிறு ஆன்டெனாக்களை வரிசையாக அடுக்கி, மின்னணு முறையில் கதிரைத் திருப்பி இதைச் சமாளிக்கலாம். ஆனால் எடை கூடும், மின்சாரமும் இழுக்கும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகளை நம்பும் பலூனுக்கு, கொம்பு வடிவிலான எளிய ஹார்ன் ஆன்டெனாவே பல நேரம் போதும் என்பேன்.