பர்மனென்ட்டுகளின் கிரிக்கெட்

2018 ஜூன் 14, வியாழக்கிழமை. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ஆப்கானிஸ்தானின் முதல் டெஸ்ட் தொடங்கியது. காவேரிப்பட்டினத்திலிருந்து மூணு மணி நேர பஸ். ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஒருவன், அஞ்சு நாள் மேட்ச்தானே, சனிக்கிழமை போய்க்கலாம் என்று இருந்துவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கதை முடிந்துவிட்டது. ஆப்கானிஸ்தான் ஒரே நாளில் இரண்டு முறை ஆல் அவுட்: 109, 103. இன்னிங்ஸ் மற்றும் 262 ரன் வித்தியாசத்தில் இந்தியா வெற்றி.

“இவங்களையெல்லாம் யாருண்ணே டெஸ்ட்டுக்குள்ள விட்டது?” என்று என்னிடம் எரிந்து விழுந்தான்.

யாரும் விடவில்லை. ஏறி வந்தார்கள். எப்படி ஏறினார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

ஐ.சி.சி. 2007-ல் ‘வேர்ல்டு கிரிக்கெட் லீக்’ என்று ஒன்றைத் தொடங்கியது. சின்ன நாடுகளை டிவிஷன்களாகப் பிரித்தார்கள். முதலிரண்டு இடம் பிடித்தால் மேல் டிவிஷன், கடைசியில் வந்தால் கீழ் டிவிஷன். சென்னை லீக்கில் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. 2008 மே மாதம் ஜெர்சி தீவில் ஐந்தாம் டிவிஷன் ஃபைனல். ஜெர்சி 80 ரன்னில் சுருண்டது. அந்த 80-ஐத் துரத்திய ஆப்கானிஸ்தான் 8 விக்கெட்டைப் பறிகொடுத்து, வியர்த்து விறுவிறுத்து ஜெயித்தது. அக்டோபரில் டான்சானியா, நாலாம் டிவிஷன். ஜனவரியில் அர்ஜென்டினா, மூணாம் டிவிஷன். 2009 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கா, அங்கே ஒருநாள் அந்தஸ்து. பெஷாவர் அகதி முகாம்களில் கிரிக்கெட் கற்றுக்கொண்ட கூட்டம் ஒரு வருஷத்துக்குள் நாலு படி ஏறியது.

ஆசியாவுக்கும் இப்படி ஓர் ஏணி இருந்தது: ஆசிய கிரிக்கெட் கவுன்சிலின் ஏ.சி.சி. டிராபி. 2006-ல் 17 நாடுகளையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள். நேபாளத்துக்கு எதிராக மியான்மர் 10 ரன்னில் ஆல் அவுட். (ஒருவர் எடுத்த ரன் இல்லை சார், மொத்த டீமும் சேர்ந்து!) நேபாளம் இரண்டே பந்தில் ஜெயித்தது. இதனால் யாருக்கு என்ன லாபம்? அடுத்த முறையிலிருந்து எலைட், சேலஞ்ச் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பூடானும் மாலத்தீவும் தங்களுக்குச் சமமானவர்களோடு மோதலாம், ஜெயித்தால் மேலே வரலாம். 2010 எலைட் ஃபைனலில் நேபாளத்தை வென்றது ஆப்கானிஸ்தான்.

இந்த ஏணி சுலபமானது என்று நினைத்துவிடாதீர்கள். நேபாளத்தைக் கேளுங்கள். அதே ஜெர்சி போட்டியில் அதே ஐந்தாம் டிவிஷனில் ஆடியவர்கள்தான். 2010-ல் காத்மாண்டுவில், சொந்த ரசிகர்களே கல்லெறிந்து ஆட்டம் நின்றுபோன கலவரத்துக்கு நடுவில், நெட் ரன் ரேட் கணக்கில் தப்பித்து நாலுக்கு வந்தார்கள். 2012-ல் மூணு. 2014-ல் நியூசிலாந்து வரை போய்ச் சறுக்கி மறுபடி மூணு. 2018 பிப்ரவரியில் நமீபியாவில் கனடாவுக்கு எதிராகக் கடைசி விக்கெட் ஜோடி, கடைசிப் பந்தில் காப்பாற்றியது. அடுத்த மாதம் ஒருநாள் அந்தஸ்து. பத்து வருஷம்! கொடுமைதான். ஆனாலும் ஒரு நியாயம் இருக்கிறது: ஆடித் தோற்றார்கள், ஆடி ஏறினார்கள்.

என் சண்டை ஏணியோடு இல்லை. அது பாதிச் சுவரோடு நின்றுபோவதோடுதான்.

ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். டிரெய்னி, கான்ட்ராக்ட், பர்மனென்ட். ஒரே மெஷின், ஒரே வேலை. கான்ட்ராக்ட் ஆளுக்கு மாசா மாசம் பரீட்சை; பர்மனென்ட்டை அசைக்க முடியாது. கிரிக்கெட்டில் பர்மனென்ட்டுக்குப் பெயர் ‘முழு உறுப்பினர்’. மொத்தம் 12 பேர். எத்தனை தோற்றாலும் அந்த நாற்காலி போகாது.

2007 உலகக் கோப்பையில் 16 நாடுகள் ஆடின. அயர்லாந்து பாகிஸ்தானை வென்றது, வங்கதேசம் நம்மை வென்றது, இரண்டு பெரியவர்களும் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த இரண்டு கோப்பைகளில் 14 நாடுகள். 2019-ல் 10. விளம்பரக்காரர்களின் கண்ணீர்தான் காரணம் என்பது என் சந்தேகம். பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும். 2024 முதல் 2027 வரையிலான ஐ.சி.சி. வருமானத்தில் இந்திய வாரியத்துக்கு 38.5 சதவீதம், தொண்ணூறுக்கும் மேற்பட்ட சின்ன நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து 11 சதவீதத்துச் சொச்சம் என்று பத்திரிகைகளில் கணக்கு வந்தபோது, சந்தேகம் உறுதியாகிவிட்டது.

2016-ல் டெஸ்ட்டையும் இரண்டு டிவிஷனாக்கலாம் என்று பேச்சு வந்தது. மேலே 7, கீழே 5. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் நம் வாரியம். சின்ன நாடுகள் பாதிக்கப்படுமாம்! அதே வாரியம் சொந்த வீட்டில் என்ன செய்கிறது? 2002-03-லேயே ரஞ்சி டிராபியை எலைட், பிளேட் என்று பிரித்தது. 2010-11-ல் பிளேட் பிரிவிலிருந்த ராஜஸ்தான், ஹைதராபாத்தை 21 ரன்னில் சுருட்டி, கோப்பையையும் தூக்கியது. அறிமுக ஆட்டத்தில் 10 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்த தீபக் சாஹர் அங்கேதான் கிடைத்தார். அடுத்த வருஷம் சேப்பாக்கத்திலேயே நம் தமிழ்நாட்டைத் தோற்கடித்து மறுபடி சாம்பியன். அப்போது வலித்தது, இப்போது யோசித்தால், அந்த ஏணி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஆப்கானிஸ்தானையும் நான் தலையில் வைத்துக் கொண்டாடப் போவதில்லை. 2020 நவம்பரில் 25 பெண்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தது அவர்கள் வாரியம். 2021-ல் தாலிபான் வந்தபின் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் தஞ்சம். நாட்டில் பெண்கள் அணியே இல்லை. பெண்கள் கிரிக்கெட் முழு உறுப்பினருக்கான நிபந்தனைகளில் ஒன்று. நாற்காலி போனதா? இல்லை. நேபாளத்துக்கு ஒரு ரன் ரேட் புள்ளியில் உயிர் ஊசலாடியது; உள்ளே போனவருக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு பதில் பாக்கி வைத்திருந்தேன். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். முதல் வெற்றி 1952-ல், நம்ம சேப்பாக்கத்தில். அது நமக்கு 25-வது டெஸ்ட். ஆப்கானிஸ்தான் தன் இரண்டாவது டெஸ்ட்டிலேயே ஜெயித்துவிட்டது, 2019 மார்ச்சில், டேராடூனில், அயர்லாந்துக்கு எதிராக.

சொன்னேன். கட்சி மாறிவிட்டான். 2024 ஜூனில் ஆப்கானிஸ்தான் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி டி20 உலகக் கோப்பை அரையிறுதிக்குப் போனபோது, “அண்ணே, நம்மாளுங்க செமி ஃபைனல்!” என்று போனில் கத்தினான். செமி ஃபைனலில் 56 ஆல் அவுட். நம்ம நேரத்துக்கு விடிகாலை ஆறு மணி மேட்ச் அது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. காலை ஷிஃப்ட். அவன் இன்னும் கான்ட்ராக்ட்தான்.