வேஷம் போட்ட வீரர்கள்

தைப்பிங் நகருக்கு அடுத்த ஒரு தமிழ்ப் பள்ளியில் சென்ற ஆண்டு நடந்த மாறுவேடப் போட்டிக்கு நடுவராக வந்தமரும்படி நம்மை அழைத்திருந்தனர். தோட்டத்துக் கிராணிக்கு இங்கிலீஷ் தெரியும், ஆகவே எல்லாம் தெரியும் என்பது நம் ஜனங்களின் பழைய நம்பிக்கை. அதை மறுக்க நமக்கும் மனம் வரவில்லை. வள்ளுவர் மூவர் வந்தனர். பாரதியார் ஐவர் வந்தனர். கறுப்புக் கண்ணாடியணிந்து சினிமா நட்சத்திரம் ஒருவரும் வந்தார். கடைசியில், பழைய மழைக்கோட்டு ஒன்றைக் கழுத்தில் முடிந்து முதுகில் தொங்கவிட்டபடி ஒரு சிறுவன் வந்து நின்றான். நீ யார் அப்பா என்று கேட்டோம். "நான் மழையைப் பிடிச்சு வைக்கிறவன் சார். பாட்டி பால எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் பெய்ய விடமாட்டேன்" என்றான்.

மழைக்குப் பெயர்போனது நம் தைப்பிங். இன்று பெய்யுமா பெய்யாதா என்று இவ்வூரார் பந்தயம் கட்டிய காலமும் உண்டு. ஆனால் பால்மரம் வெட்டுவோருக்கு அது பந்தயமன்று. பட்டை நனைந்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை. அந்த வீட்டுக் கஷ்டத்திலிருந்தே ஒரு வீரனைத் தானாகக் கற்பித்துக்கொண்டு வந்திருந்தான் அச்சிறுவன். நமக்குத் தந்த தாளிலோ "பாத்திரத்தோடு ஒற்றுமை" என்றொரு கட்டம் இருந்தது. அதற்கு மதிப்பெண் பத்து. உலகில் இல்லாத பாத்திரத்தோடு ஒற்றுமை காண்பதெங்ஙனம்? பூஜ்யமிட்டோம். பரிசு ஒரு பாரதியாருக்குப் போயிற்று.

அந்தப் பூஜ்யம் பல நாள் நம் நெஞ்சை உறுத்தியது. தாமே கற்பித்த வீர வேஷத்துக்கு மதிப்பிடும் போட்டி வேறெங்கேனும் உண்டா என்று தேடியபோது, அமெரிக்க தேசத்தில் 2006-ஆம் ஆண்டு சைஃபை அலைவரிசையில் நடந்த ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. "சூப்பர் ஹீரோவாக விரும்புவோர் யார்?" என்பது அதன் பெயரின் பொருள். 2007-இல் மறுமுறையும் நடந்தது. சிலந்தி மனிதன் முதலிய பாத்திரங்களைப் பிறரோடு கூடிப் படைத்த ஸ்டான் லீயே அதன் நடுவர். அப்போது அவருக்கு வயது 83. (2018-இல் காலமானார்.) போட்டியாளர் ஒவ்வொருவரும் பெயர், உடை, சக்தி ஆகியவற்றைத் தாமே கற்பித்து வரவேண்டும், வென்றவரை வைத்து லீ எழுதும் சித்திரக் கதைப் புத்தகம் வெளியாகும். முதன்முறை வென்றவர் ஃபீட்பேக் என்னும் வேஷம் பூண்டவர்.

அவ்வேஷங்களில் பல வெறும் விளையாட்டு. ஆயினும் ஃபேட் மாம்மா என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு வந்த பருத்த பெண்மணியை நாம் மறவோம். டோனட் பணியாரம் உண்டால் பலம் பெறுபவராம். பரிகசிக்கப்படுவோர் பக்கம் நிற்பவராம். ஊரார் எதைச் சொல்லி நகைத்தார்களோ அதையே தம் சக்தியாக மாற்றிக்கொண்டார். நம் சிறுவனின் மழைக்கோட்டும் இந்த இனமே.

நிற்க. அந்நிகழ்ச்சியின் முதற் சோதனையே அதன் சிகரம். மறைவாக உடை மாற்றிக்கொண்டு, குறித்த இடத்துக்கு விரைந்து ஓடிவர வேண்டுமென்று போட்டியாளருக்குக் கட்டளை. ஓடும் வழியில் ஒரு சிறுமி, வழி தவறியவள் போல அழுதுகொண்டு நிற்கிறாள். ஓட்டம் வெறும் சாக்கு, சிறுமியே சோதனை. உலகத்தைக் காக்க வேஷமணிந்து வந்த பலர் அவளைக் கடந்து ஓடினர், சிலரே நின்றனர்.

இது லீக்குப் புதிய எண்ணமன்று. 1962-இல் அவரும் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து வெளியிட்ட சிலந்தி மனிதனின் முதற் கதையை நினைவுகூர்க. சக்தி பெற்ற இளைஞன் முதலில் செய்தது என்ன? முகமூடி தரித்துத் தொலைக்காட்சியில் வித்தை காட்டிப் புகழ் தேடினான். அந்த நிலையத்திலேயே ஒரு திருடன் அவனைக் கடந்து ஓடுகிறான். நமக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அத்திருடனே பின்னர் அவனுடைய பெரியப்பாவைச் சுட்டுக் கொல்கிறான். தொலைக்காட்சிக்கு அணிந்த வேஷம் ஒருவனை எவ்வளவு குருடாக்கும் என்பதை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய மனிதர், அதே தொலைக்காட்சியில் வேஷக்காரரைக் கூட்டிவைத்து அதே சோதனையை நடத்தினார். அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, அந்த ஒரு காட்சிக்காக அவரை வணங்கலாம்.

ஆனால் அதற்குப்பின் நிகழ்ச்சி சரிகிறது. சோதனை மறைந்திருக்கும் என்பதை எல்லோரும் அறிந்துகொண்ட பின் யாருக்கு எங்கே சோதனை? எதிர்ப்பட்டவரெல்லாம் சோதனைக்காரராகத் தோன்றுவர். கண்ணீரும் கருணையும் தயாராக இருக்கும். நாம் தோட்டத்தில் தினமும் காண்பதுதான் இது. மேனேஜரின் வண்டிச் சத்தம் கேட்டால் செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் ஒன்றுகூட மிஞ்சாமல் பொறுக்கப்படும். சத்தம் கேளாத நாளில் யார் பொறுக்கினார் என்பதை வண்டியிலிருப்பவர் எப்படி அறிவார்?

ஆள் நீக்கும் முறையோ இதனினும் மோசம். வாரந்தோறும் ஒருவரை நிறுத்தி, உடையைக் கழற்றிக் கொடு என்கிறார் லீ. தம்மைப்போல் பொம்மை செய்து விற்றுப் பணம் காணலாம் என்று பேசிய லெவிடி என்பவர் அதற்காக நீக்கப்பட்டார். வேஷத்தைக் கொண்டு புத்தகம் விற்க ஏற்பட்ட நிகழ்ச்சியில் பணத்தை நினைத்ததாம் குற்றம்! போட்டியாளரோடு ஒருவராகக் கலந்து உளவு பார்க்க ஒரு ஆளையும் விட்டிருந்தனர். அவர் பெயரின் ஆங்கில எழுத்துக்களைப் பின்னிருந்து படித்தால் துரோகி என்று வரும். உளவு வைத்து உத்தமரைத் தேடுவது எந்த நீதியோ அறியோம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. லீ போட்டியாளர் முன் பெரும்பாலும் நேரில் வருவதில்லை. தொலைக்காட்சித் திரையில் முகம் காட்டித் தீர்ப்புச் சொல்கிறார். இதைக் கண்டதும் நம் வாசகருக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். 2017-இல் தொடங்கிய தமிழ் பிக் பாஸில், வார இறுதிதோறும் திரையில் தோன்றி வீட்டினுள் இருப்போரை விசாரித்தவர் கமல்ஹாசன். உள்ளிருப்போர் எழுந்து நின்று கைகட்டிப் பதில் சொல்வர். இரு தேசத்துப் போட்டியிலும் உண்மையான சூப்பர் ஹீரோ திரைக்குள் இருப்பவரே; வேஷமிட்டோரும் வேஷமிடாதோரும் அவர் முன் குற்றவாளிகளே.

நம்மவர் சாதாரண மனிதனுக்கு வேஷமே தரவில்லை என்று சொல்லவரவில்லை. 2019-இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய குக் வித் கோமாளியில் கோமாளிகள் விதவிதமாக வேஷம் கட்டி வருகின்றனர். அவர்கள் வேஷத்துக்கு மதிப்பெண்ணும் இல்லை, நீக்கமும் இல்லை. ஆகவேதான் அவர்களிடம் கற்பனை தாராளமாக ஓடுகிறது. நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம். எனினும் ஒன்று விளங்குகிறது: நம் தொலைக்காட்சி சாதாரணனுக்குக் கோமாளி வேஷத்தைத் தருகிறது, வீர வேஷத்தை நட்சத்திரங்களுக்கென்று பூட்டி வைத்திருக்கிறது. ஃபேட் மாம்மா போன்ற ஒருத்தி நம்மிடையே தோன்றினால் அவளுக்கும் கோமாளி இடமே கிடைக்கும் என்று அஞ்சுகிறோம்.

இவ்வாண்டுப் போட்டிக்கும் அப்பள்ளியார் நம்மை அழைத்திருக்கின்றனர். "பாத்திரத்தோடு ஒற்றுமை" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, "நீ யார்? யாருக்கு என்ன செய்வாய்?" என்று பிள்ளையைக் கேட்டு எழுதுவதற்கு நான்கு வரி இடம் விடும்படியும், முதல் இரண்டு மூன்று என்று பிரியாமல் மேடையேறிய எல்லோருக்கும் ஒரே நோட்டுப் புத்தகம் கொடுக்கும்படியும் தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறோம். அம்மழைக்கோட்டுச் சிறுவன் இவ்வாண்டும் வருவானா என்று கடிதத்தின் அடியில் விசாரித்திருக்கிறோம், பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.