ஈ, தா, கொடு: மலையக நிவாரணத்தை முன்வைத்து

கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு என்கிறார் தொல்காப்பியர். கேட்பவன் தாழ்ந்தவன் என்றால் ‘ஈ’ என்பான், சமமானவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். உயர்தர வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது, “இப்ப யாரு சேர் இப்பிடிப் பாத்துப் பேசுறாங்க?” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளிக்குப் பிறகு, சொற்கள் வழக்கொழிந்தாலும் அந்த ஏற்பாடு இன்னும் ஒழியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அனர்த்தத்தில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே அதிகம் அடிபட்டன. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியே வந்தன என்ற குறையும் பரவலாக எழுந்தது. பாதைகள் அடைபட்டு, உத்தியோகத்தர்கள் வந்து சேர முடியாதிருந்த நேரத்தில் பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் கதவைத் திறந்தன. எங்கள் பக்கத்தில் நம் வாலிபர்கள் சமைத்த சோற்றை, முழங்கால் வரை சேற்றில் இறங்கி லயங்களுக்குச் சுமந்து போனார்கள். இதைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட வேலை. ஸகாத் யாருக்குரியது என்ற உலமாக்களின் விவாதத்தை நான் இங்கே இழுக்கவில்லை. பசித்தவனுக்குக் கொடுக்கும் ஸதகாவுக்கு இனம், மதம் பார்க்கத் தேவையில்லை என்பதில் யாருக்கும் பேதமில்லை.

ஆனால் மூன்றாம் நாளே பெனர்கள் வந்துவிட்டன. உலர் உணவுப் பொதியின் ஒரு முனையைக் கொடுப்பவர் பிடிக்க, மறுமுனையை ஒரு தாய் பிடிக்க, போட்டோ எடுக்கும்வரை இருவரும் நிற்க வேண்டும். சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்த ஒருவரிடம், “கொஞ்சம் இங்க பாருங்கம்மா” என்று சொன்னதை நானே கேட்டேன். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு லொறியைப் படம் எடுக்கலாம், பற்றுச்சீட்டை எடுக்கலாம், பொதிகளை எண்ணிக் காட்டலாம். வாங்கியவரின் முகம் எந்தக் கணக்குக்கும் தேவையில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் அந்தத் தர்மமே பாழ் என்பது மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரக்க நேர்வதன் கூச்சத்தைப் பேசவும் இரவச்சம் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். நாம் முதலாவதை மட்டும் மேடைகளில் பேசுகிறோம்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. சோற்றுப் பார்சல் வந்ததும் கேள்வி அடங்கிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மாற்று இடம்தான் கிடைக்கவில்லை. காணாமற்போனவர்கள் முந்நூறு என்று தொடங்கிய எண்ணிக்கை பிறகு சில பத்துகளாகக் குறைந்தது. அங்கே எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதையே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடுப்பும் அரிசியும் நாடெங்கிலுமிருந்து லொறி லொறியாக வந்தன. தப்பியவர்களோ மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் நாள் கடத்தினார்கள். 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். அரிசி வர இரண்டு நாள், வீடு வர இரண்டு வருடம்.

இதற்கு ஏதோ ஓர் உத்தியோகத்தரின் கல்மனசு காரணமல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அது திரும்பக் கிடைத்த பின்பும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைகள் தாராளமாகச் செலவு செய்ய இடம் கொடுக்கவில்லை. அது திருத்தப்பட்டது 2018இல். லயமும் அது நிற்கிற மண்ணும் குடியிருப்பவருடையது அல்ல. 7 பேர்ச் காணி என்பதே ஒரு சாதனையாகப் பேசப்படும் நிலை.

இம்முறை அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய், முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என்று அறிவித்தது. முந்திய அனர்த்தங்களோடு பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் உறுதிப்பத்திரம் இல்லாத, தோட்டத்துக்குச் சொந்தமான பத்தடிக் காம்பரா மண்ணோடு போனால், அழிந்தது யாருடைய வீடு? என் மாணவர் ஒருவரின் தகப்பனார் கேட்டார்: “அரிசி பருப்பெல்லாம் வந்துருச்சு சேர். எடம் யாருகிட்ட கேக்குறது?” என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கையேந்தி நின்றவர்கள் நாம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. இன விகிதப்படி பகிர வேண்டும் என்று வழக்கு வந்தது, தீர்ப்பும் வந்தது. கட்டிய வீடுகள் பத்து வருடத்துக்கு மேலாகக் காடு பிடித்துக் கிடந்தன. கொடுக்க மனமுள்ளவன் கொடுத்தாலும், அரசின் கை திறக்காவிட்டால் வீடு கூட வீடாகாது என்று பட்டுப் படித்தவர்கள் நாம். அந்தப் பாடத்தோடுதான் தோட்டத்து மக்களுக்குப் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும்.

அதனால் ஸதகாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதை இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கச் சொல்கிறேன். அரிசி கொடுத்த அதே ஜமாஅத், பிரதேச செயலகப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க இரண்டு பிள்ளைகளை அனுப்பலாம். சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லலாம். பெயர் விடுபட்ட குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்துக் கிராம உத்தியோகத்தரிடம் கூடவே போகலாம். நம்மிடமுள்ள சட்டத்தரணிகள் காணிக் கேள்வியை எழுத்தில் கேட்கலாம். போட்டோவுக்கு வசதியில்லாத வேலைகள் இவை. செல்வத்தில் இல்லாதவனுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு, இரக்கத்துக்கும் உரிமைக்கும் வித்தியாசம் புரியாமல் போகாது.

அயலவனிடம் ‘தா’ என்றும், தான் வாக்களித்த அரசிடம் ‘கொடு’ என்றும் கேட்க வேண்டிய மக்கள் இரண்டு பேரிடமும் ‘ஈ’ என்று நிற்கிறார்கள். நாம் கொடுக்கும் பொதி அவர்களை அந்த முதற்சொல்லிலேயே நிறுத்தி வைக்கக் கூடாது.