ஏற்காட்டு ஃபிளாட்டில் கணப்பு வைக்கலாமா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் ஓய்வுக்கென்று ஒரு ஃபிளாட் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, பால்கனியிலிருந்து பள்ளத்தாக்கு தெரியுமா என்று. அடுத்தது, ஹாலில் ஃபயர்பிளேஸ் வைக்க முடியுமா என்று. முதல் கேள்விக்குப் பதில் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டாவதற்கு விற்பவர் "அதுக்கென்ன சார், வெச்சுக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லைத்தான் இங்கே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டின் குளிர் எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். மார்கழி, தை இரவுகளில் 12, 13 டிகிரி வரை இறங்கும். சால்வை போர்த்தினால் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது ஈரம். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இங்கே இரண்டு கையாலும் கொட்டுகின்றன. ஏரி நிரம்பி வழிந்து கிளியூர் அருவியாக விழும் சரிவுப் பக்கத்தில், மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பீரோவில் தொங்கும் தோல் பெல்ட்டில் வெண்பூஞ்சணம் படரும். உப்பு ஜாடி கசியும். துவைத்த பேன்ட் மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரமாகவே இருக்கும். ஆகவே எந்தக் கணப்பையும் "எவ்வளவு சூடு தரும்" என்று மட்டும் கேட்டு எடை போடக் கூடாது. வீட்டு ஈரத்தை அது கூட்டுமா குறைக்குமா என்று கேட்க வேண்டும்.

இந்தக் கணப்பு ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்டத் துரைமார் கட்டிய பங்களாக்களில் கணப்பு இருந்தது. அந்த வீடுகளின் சுவர் தடிமன், கூரை உயரம், கணப்புக்கென்றே அடித்தளத்திலிருந்து எழுப்பிய செங்கல் புகைபோக்கி எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகள். திறந்த கணப்பு சூடு கொடுப்பதில் படு மோசம். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே அதிகம், மிச்சம் வானத்துக்கு. ஆனால் அது வேறொரு வேலையை ஓயாமல் செய்தது. அறையின் ஈரக் காற்றை மணிக்குச் சில நூறு கன மீட்டர் வீதம் உறிஞ்சி வெளியே தள்ளியது, சுவரை உலர்த்தியது. எரிதலில் உண்டாகும் நீராவியும் புகையோடு மேலே போய்விட்டது. துரைமார் வீட்டைக் காப்பாற்றியதில் நெருப்புக்கு இருந்த பங்கு புகைபோக்கிக்கும் இருந்தது. விறகு சுமந்து, சாம்பல் அள்ளிய தோட்டத் தொழிலாளிக்கும்தான்; அவர் எந்தப் பழைய புகைப்படத்திலும் கணப்பின் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதை ஃபிளாட்டுக்குள் கொண்டுவர முடியுமா? எடையிலேயே சறுக்குகிறது. குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தர விதி கணக்கில் கொள்ளும் பளு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். செங்கல் கட்டு ஒரு கன மீட்டர் 1,900 கிலோ வரும். இடுப்புயரத்தில் சின்னதாக ஒரு கணப்பு கட்டினாலே ஒரு டன்னைத் தொட்டுவிடும். அதைத் தாங்க அடியில் பீம் இருக்கிறதா என்று கட்டுமானப் பொறியாளர் சொல்ல வேண்டும். கொத்தனார் சொன்னால் போதாது.

அதைவிடப் பெரிய சிக்கல் புகைபோக்கி. கணப்பு வாய் 30 அங்குலத்துக்கு 30 என்றால், புகைக்குழாயின் உட்பரப்பு அதில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது ஏறக்குறைய 11 அங்குல விட்டம் வேண்டும். குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 3 அடி நிற்க வேண்டும்; பத்து அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் மாடிக்காரர் இந்தக் குழாயை எந்த வழியாகக் கொண்டுபோவார்? மேல்வீட்டுப் படுக்கையறை வழியாகவா? வெளிச்சுவரும் மொட்டை மாடியும் எல்லாருக்கும் பொது. சங்கத்தில் எல்லாரும் சம்மதித்தாலும், பக்கவாட்டில் சுவரைத் துளைத்து விடும் குழாயின் புகை மேல்வீட்டு பால்கனியில் உலரும் துணிக்குத்தான் போகும்.

ஏற்காட்டுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. புகை மேலே ஏறுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால். ஐரோப்பாவில் வெளியே உறைபனி, உள்ளே கதகதப்பு. குழாய் எளிதாக இழுக்கும். இங்கே பூட்டிக் கிடந்த ஃபிளாட்டில் உள்ளேயும் 15 டிகிரி, வெளியேயும் கிட்டத்தட்ட அதே. முதல் அரைமணி நேரப் புகை ஹாலுக்குள்தான் திரும்பும். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் சிம்னியைப் போட்டால் முடிந்தது கதை. அந்தச் சிம்னியின் பெட்டியிலேயே மணிக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும் என்று அச்சடித்திருப்பார்கள். அது கணப்பின் குழாய் வழியாகவே காற்றை, கூடவே கார்பன் மோனாக்சைடையும், வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வரும்.

விறகு பற்றிச் சுருக்கமாக: காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக், கழித்துப்போட்ட காப்பிச் செடித் தண்டு எல்லாம் எரியும். ஆனால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மேகத்துக்குள் அடுக்கிய விறகு அந்த அளவுக்கு உலர்வது லேசில்லை. ஈர விறகு எரிந்தால் குழாயில் தார் படியும், ஒரு நாள் குழாயே தீப்பிடிக்கும். மரம் வெட்டவோ 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

அப்படியானால் புகைபோக்கியே தேவையில்லாத எத்தனால் கணப்பு? இப்போது அதிகம் விலைபோகும் வாதம் இதுதான், அழகாகவும் இருக்கிறது. புகை இல்லை, சாம்பல் இல்லை, சுவரில் மாட்டினால் போதும். கணக்கைப் போட்டால்தான் முகம் மாறுகிறது. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய 6 யூனிட் வெப்பம் கிடைக்கும். கூடவே ஒன்றரைக் கிலோ கரியமில வாயுவும், 900 கிராமுக்குக் குறையாத நீராவியும் அறைக்குள்ளேயே வரும். நாலுக்கு ஐந்து மீட்டர் ஹாலின் காற்று 60 கன மீட்டர். அதில் அவ்வளவு நீரைக் கரைத்தால், கதவு ஜன்னலை அடைத்த அறையில் காற்று தாங்காது. குளிர்ந்த கண்ணாடியிலும் அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரிலும் வியர்க்கும். ஈரத்தை விரட்டப் போன இடத்தில் ஈரத்தை விலைக்கு வாங்கியதாகும். ஜன்னலைத் திறந்தால் சூடு போய்விடும். குழாயில்லாத கேஸ் ஹீட்டரும் இதே இனம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர்.

எரிபொருளுக்கும் வழி கரடுமுரடானது. தமிழ்நாட்டில் ஸ்பிரிட்டை வைத்திருப்பதும் விற்பதும் மதுவிலக்குச் சட்டத்தின் பிடிக்குள் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, கேனில் ஸ்பிரிட்டோடு மலை ஏறுகிறவரைச் செக்போஸ்ட்டில் யாரும் சிரித்துக்கொண்டே அனுப்ப மாட்டார்கள்.

கரி அடுப்பைப் பற்றி விவாதமே வேண்டாம். 2024-இல் கொடைக்கானல் விடுதி ஒன்றில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

மின்சாரம் மிஞ்சுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் எல்.இ.டி. தீ ஆடும் மின்கணப்பைப் பார்த்து நெருப்பு ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். பொய்த்தீதான். ஆனால் அதன் 2 கிலோவாட் சூடு மெய். துளி நீராவி சேர்க்காது. 12 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 57-க்கு இறங்கிவிடும். நான்கு மணி நேரத்துக்கு 8 யூனிட் செலவு. அதே சூட்டை, சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் கொடுக்கும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைத் தனியாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 15 டிகிரிக்குக் கீழே அதன் திறன் விழுந்துவிடும்; அறையைச் சூடாக்கிய பிறகு ஓட்டினால்தான் பலன்.

எதிர்வாதம் ஒன்றுக்கு வலு உண்டு. காற்றுமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் இவை எல்லாம் ஊமை, வீட்டு யு.பி.எஸ். 2 கிலோவாட்டை இழுக்காது. விறகு அந்த இரவிலும் எரியும். உண்மை. ஆனால் பனி உறையாத ஊரில், இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கடத்திவிடும் ஓர் இரவுக்காக, ஒரு டன் செங்கல்லையும் மேல்வீட்டுக்காரர் தூக்கத்தையும் பணயம் வைப்பது கட்டுப்படியாகாது.

தனி வீடு என்றால் என் தீர்ப்பு மாறும்: திறந்த கணப்பு வேண்டாம், கதவு மூடிய வார்ப்பிரும்பு அடுப்பு, நேராகக் கூரைக்குப் போகும் குழாய், வெளிக்காற்றை நேரே வாங்கும் துளை. அது விறகின் வெப்பத்தில் எழுபது சதவீதத்தை வீட்டுக்கே தரும். ஃபிளாட்டில் விறகும் எத்தனாலும் கேஸும் தகுதியற்றவை. ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி. முதலிடம், தீயைப் பார்த்தே ஆக வேண்டியவர்களுக்கு மின்கணப்பு இரண்டாமிடம். விற்பவர் "வெச்சுக்கலாம்" என்றால், முன்பணம் கொடுக்கும் முன் புகைக்குழாய் போகும் பாதையைக் கட்டட வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.