விறைப்பான கைப்பிடி
வழிகாட்டி நாயின் முதுகில் பூட்டிய அந்த விறைப்பான கைப்பிடி மீது எனக்குத் தனி ரசனை. கயிற்றுக்கு இழுபடத்தான் தெரியும். இதுவோ நாயின் தோளசைவை, தயக்கத்தை, திரும்பலை அப்படியே உள்ளங்கைக்குக் கொண்டுவந்துவிடும். போகவேண்டிய வழி மனிதரின் பொறுப்பு. சிக்னல் விளக்கு நாய்க்குப் புரியாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு ‘போ’ என்று சொல்வதும் அவர்தான். ஆனால் கார் குறுக்கே வந்தால் கட்டளையை மீறி நாய் நின்றுவிடும். கீழ்ப்படியாமையைப் பாடமாகச் சொல்லித்தருகிற பள்ளி வேறெங்கே இருக்கிறது!

பார்வையற்ற அமெரிக்கர் மோரிஸ் ஃபிராங்குக்கு 1928-இல் சுவிட்சர்லாந்தில் கிடைத்த நாயின் பெயர் ‘கிஸ்’. நடுத்தெருவில் அப்படிக் கூப்பிட இருபது வயது இளைஞருக்கு வாய் வருமா? ‘பட்டி’ என்று மாற்றிவிட்டார். அதே ஆண்டு நியூயார்க்கில், நிருபர்கள் பார்க்க, நெரிசலான வெஸ்ட் தெருவை இருவரும் கடந்தார்கள். பின்னால் வந்த நாய்களுக்கும் அவர் வைத்தது பட்டி என்றே.