கறி என்று காதில் விழுந்தால்

"ஞாயித்துக்கெழம கறி எடுக்குறோம், வந்துரு மாப்ள" என்று மதுரையில் கூப்பிட்டால் அது ஆட்டுக்கறி. எந்தக் கறி என்று கேட்டால் சிரிப்பார்கள். தஞ்சாவூர் அய்யர் வீட்டில் அதே சொல்லுக்கு இலையோரத்தில் வாழைக்காய் வதக்கல் வந்து விழும். அய்யங்கார் வீட்டில் கறியமுது, பேச்சில் கறமது. யாழ்ப்பாணத்திலோ சோற்றோடு பிசைவதெல்லாம் கறிதான்: மீன்கறி, பருப்புக்கறி. சந்தையில் காய் வாங்கினால் அதுவும் மரக்கறி.

ஆகவே கறி என்று காதில் விழுந்ததும் சட்டியைப் பார்க்காதீர்கள், சொன்னவரின் ஊரைக் கேளுங்கள். பாதி ருசி அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிக்கு ஒரு மிளகு வேண்டும். வாயில் போட்டுக் கடியுங்கள். சங்கப் பாட்டில் கறி என்றால் பெரும்பாலும் இந்த மிளகுதான். அகநானூற்றில் யவனர் பொன்னைக் கொட்டி முசிறியில் ஏற்றிப்போனது இதைத்தான். பட்டினப்பாலையில் புகார்த் துறையில் மூட்டையாகக் கிடப்பதும் இதுவே. ஆனால் புறநானூற்றில் சோற்றுக்குத் துணையாகவும் கறி வருகிறது. பல்லால் கடிப்பதற்குக் கறித்தல் என்று ஒரு வினையும் உண்டு. எனவே மிளகு முன்னே, குழம்பு பின்னே என்று கோடு போட எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்று வந்தது. மிளகு போல உறைத்ததால் மிளகாய் என்றோம். பேரை வாங்கிக்கொண்ட காய், அம்மியில் மிளகின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இப்போது ஓட்டல் பலகையில் 'மிளகுக் கோழிக்கறி' என்று பார்த்தால் சங்ககாலத்துக் காதால் ஒருமுறை கேளுங்கள். மிளகு, கோழி, மறுபடியும் மிளகு! எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

கப்பலேறிய கறி ஆங்கிலத்தில் கர்ரி ஆனது, அங்கிருந்து ஜப்பானில் கரே ஆனது. 1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் தம் சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கர்ரிக்குக் குறிப்பு எழுதினார். கோழி அல்லது முயல், வெங்காயம், ஒரு கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையைச் சுத்தமான மண்வாரியில் வறுக்கச் சொல்கிறார் அம்மணி. நம் பாட்டிகள் கேட்டிருந்தால் அடித்திருப்பார்கள். மஞ்சள் இல்லை, மிளகாயும் இல்லை. காரத்துக்கு அவர் எண்ணிப் போடச் சொன்னது 30 மிளகு.