கச்சேரிக்கு முன் எதைக் கேட்பது?

மார்கழி சீசன் நெருங்கியதும், பாடப்போகும் வித்வானின் ஆல்பங்களைத் தேடிப்பிடித்துக் கேட்கிற ரசிகர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஸ்டூடியோவில் பதிவான ஆல்பத்தைக் கச்சேரியின் சுருக்கமாக எண்ணுவது சரியல்ல. அது வேறொரு வடிவம். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம், மிஞ்சினால் இன்னும் அரை நிமிடம் ஓடும். ஜி.என்.பி.யின் 'வாஸுதேவயனி' தட்டு வீடுவீடாக ஒலித்தது. ஆனால் மேடையில் அவர் விரித்த கல்யாணி அந்த அளவுக்குள் எப்படி அடங்கும்? எல்.பி.யும் கேசட்டும் குறுந்தகடும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தன. கூடவே வெட்டி ஒட்டும் வசதியும் வந்தது. பிசிறு தட்டிய இடத்தைத் திரும்பப் பாடிச் சேர்க்கலாம், நிரவலைக் குறைக்கலாம், தனி ஆவர்த்தனத்தை விட்டுவிடலாம். இப்படிச் செதுக்கியதை அளவுகோலாக வைத்துக்கொண்டு சபாவில் போய் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பாடுகிறவர் எந்தப் பாணியில் வந்தவரோ, அந்தப் பாணியின் முன்னோர் பாடிய முழுக் கச்சேரிப் பதிவுகளும் வானொலிப் பதிவுகளுமே காதைப் பண்படுத்தும் என்பது என் கட்சி.

பாணி என்பது சங்கதிகளின் பட்டியல் இல்லை. எதை விடலாம், எங்கே நிற்கலாம் என்ற தீர்மானம் அது. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தா, முக்தா பாடிய பதங்களில் குரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாது. கமகத்தில் இழைந்து, கார்வையில் ஊன்றி நகரும். விளம்ப காலத்தில் ராகத்தின் முகம் கலையாமல் நிற்பதே அங்கே தராதரம். மதுரை மணி ஐயரிடம் அளவுகோல் வேறு. 'எப்போ வருவாரோ'வில் அவர் ஸ்வரம் பாடும்போது கணக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. சர்வலகுவாக, தாளத்தோடு கைகோத்துக்கொண்டு ஓடும். அதைக் கேட்டு எளிது என்று நினைப்பவர்கள் பாடிப் பார்க்கட்டும். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவியிலோ கணக்குதான் அழகே. அரியக்குடியின் மத்தியம காலச் சுறுசுறுப்பு ஒரு பக்கம் என்றால், கீழ்ச்சுருதியில் அவசரமே இல்லாமல் 'கிரிபை'யின் சஹானாவைத் திறக்கும் எம்.டி. ராமநாதன் இன்னொரு பக்கம். ஒருவரின் அளவுகோலால் இன்னொருவரை அளந்தால் இரண்டு பேருமே தேறமாட்டார்கள்.

முன்கூட்டியே கேட்டால் புதுமை கெட்டுவிடாதா என்பார்கள். கெடாது. மனோதர்மம் காதில் விழுவதே தெரிந்த ஒன்றிலிருந்து அது விலகும்போதுதான். கீர்த்தனையின் பாடாந்தரம் பழகாதவருக்குப் புதுச் சங்கதியும் பழைய சங்கதியும் ஒன்றுதான். அவருக்கு எதுவுமே புதிதாக இராது. இன்னொரு ஆட்சேபத்தில் நியாயம் அதிகம்: கேட்டுத் தேர்ந்த ரசிகர் நீதிபதியாகி, 'செம்மங்குடி இப்படிப் பாடமாட்டாரே' என்று பக்கத்து இருக்கைக்காரரின் நிம்மதியையும் கெடுப்பார். உண்மைதான். ஆனால் இது ஒரே பதிவை உருப்போட்டவருக்கு வரும் நோய். ஒரு ராகத்தை நான்கு பாணிகளில் கேட்டவர், இதுதான் சரி என்று அடித்துப் பேசத் தயங்குவார். ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதை அப்படியே பாடும் இளம் வித்வான்களுக்கும் இந்த வைத்தியம் பொருந்தும்.

ஆகவே வரும் கச்சேரிக்குக் காம்போஜியோ தோடியோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாடப்போகிறவரின் குருபரம்பரையில் ஒரு பதிவு, அதற்கு நேர் எதிரான பாணியில் ஒரு பதிவு, முடிந்தால் நாகஸ்வரத்தில் ஒன்று. தோடி என்றால் ராஜரத்தினம் பிள்ளை இருக்கவே இருக்கிறார். கச்சேரியன்று எதையும் கேட்க வேண்டாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள். ஸ்டூடியோ ஆல்பங்களில் பெரும்பாலும் அது கிடைக்காது.